அசடு வழியும் நேரத்துக்கு ஒரு சொல்

எதிரே வந்தவர் கையை உயர்த்தி அசைத்தார். முகம் நிறையச் சிரிப்பு. யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அவ்வளவு அன்பாகக் கையசைக்கிறவரை ஏமாற்ற மனம் வராமல் நானும் கையை உயர்த்தி, அவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே அசைத்தேன். அவருடைய பார்வை என் தோளைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் போய் நின்றிருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. உயர்த்திய கையை என்ன செய்வது? சட்டென்று இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது மெதுவாக என் பின்மண்டைப் பக்கம் போய், அரிக்காத இடத்தைச் சொறியத் தொடங்கியது.

பக்கத்தில் நடந்துவந்த தங்கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. சாதாரணமாக, “அக்கா, கைமாற்றா?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு விளங்க இரண்டு நொடி ஆனது. கைமாற்று என்றால் பத்திரமில்லாமல், வட்டியில்லாமல் வாங்கி இரண்டொரு நாளில் திருப்பிக் கொடுக்கிற சில்லறைக் கடன். யாருக்கோ வந்த வணக்கத்தை நான் கொஞ்ச நேரத்துக்குக் கடனாக வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, வணக்கம் சொல்லப் போன கை நடுவழியில் வேலையை மாற்றிக்கொண்டு தலையைச் சொறியப் போயிருக்கிறது. இரண்டு பொருளும் அச்சாகப் பொருந்தின. நடுவழியில் நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இரவு படுக்கையில் நினைத்து நினைத்துக் கூசவேண்டிய ஒன்று அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இப்போது அதில் நூற்றுச் சொச்சம் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் உயிரோடு புழங்குபவை பதினொன்று. மற்றவை ஏன் செத்தன என்பதிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

தமிழில் இதற்கெல்லாம் சொல்லே இல்லை என்று யாரும் குறைப்பட முடியாது. “அசடு வழிதல்” என்பதைவிடச் சிறந்த சொல்லாட்சி வேறு எந்த மொழியில் இருக்கும்? அசட்டுத்தனம் எண்ணெய்போல நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. “திருதிருவென்று விழித்தல்” இருக்கிறது. அந்த ஒலியிலேயே கண் இரண்டும் உருளுகின்றன. “தர்மசங்கடம்” இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அறம் தவறும் என்ற நெருக்கடியைச் சொல்லப் பிறந்த அந்தச் சொல், இன்று கூட்டத்தில் தும்மலை அடக்குவதற்கும் பயன்படுகிற அளவுக்கு இளைத்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் விபத்துக்குப் பிறகு முகத்தில் தெரிகிற காயத்தின் பெயர்கள். எந்த விபத்து என்று சொல்லமாட்டா. நான் தேடியது ஒவ்வொரு விபத்துக்கும் தனிப்பெயர்.

ஆரம்பத்தில் கலைச்சொல் ஆக்குகிறவர்கள்போல உட்கார்ந்து யோசித்தேன். தாழ்வாரத்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கி, மூன்றாம் முறையும் முட்டிக்கொள்ளப் பார்க்கிறார்களே, அதற்கு நான் முதலில் வைத்த பெயர் “எதிரெதிர் ஒருதிசை ஒதுங்கல்”. தங்கை கேட்டுவிட்டு, “நீ சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்” என்றாள். அது எனக்கு நல்ல அளவுகோலாக அமைந்தது. சங்கடம் நீடிக்கிற நேரத்தைவிடச் சொல் நீளமாக இருக்கக் கூடாது. அதைச் சுருக்கி “எதிரொதுக்கம்” ஆக்கினேன். வாயில் நுழைந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. பாடநூலில் அடிக்கோடிட வேண்டிய சொல்போலவே இருந்தது.

திருப்பம், நான் ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது. “இன்னார் முன்மொழிய, இன்னார் வழிமொழிந்தார்” என்ற வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. வழி! அவர் இடப்பக்கம் ஒரு வழியை முன்மொழிகிறார். நானும் அதே பக்கம் போய் வழிமொழிகிறேன். அவர் வலப்பக்கத்தை முன்மொழிகிறார், அதையும் ஆதரிக்கிறேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது, யாரும் நகரவில்லை. அலுவலகத்தில் இதை ஒரே ஒரு முறை சொன்னேன். அடுத்த வாரம் தாழ்வாரத்தில் முட்டிக்கொள்ளப் போன ஒருவர் என்னிடம், “நீங்கள் வழிமொழிய வேண்டாம், அப்படியே நில்லுங்கள்” என்று சொல்லிவிட்டு ஓரமாகக் கடந்து போனார்.

கைமாற்று, வழிமொழிதல் இரண்டும் நான் உண்டாக்கியவை அல்ல, ஏற்கெனவே வீட்டில் கிடந்தவை. டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாய்டும் 1983-இல் ஆங்கிலத்தில் இப்படி ஒரு வேடிக்கை அகராதியே வெளியிட்டார்கள். ஊர்ப் பலகைகளில் சும்மா நின்றுகொண்டிருக்கும் பெயர்களை எடுத்து, எல்லாரும் அனுபவித்தும் யாரும் பெயரிடாத நிலைமைகளுக்குச் சூட்டினார்கள். அவர்களுக்கு ஊர்ப்பெயரின் ஓசைதான் முதல். தமிழில் நமக்கு இன்னும் ஒரு வசதி. நம் தொகைச்சொற்கள் மூடி திறந்த பெட்டிகள். உள்ளே இருக்கிற இரண்டு உறுப்பும் வெளியே தெரிகின்றன. பழகிப்போனதால் நாம் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. வாசலில் நின்று உருக்கமாக விடைபெற்றுக்கொண்ட இருவர், தெருவுக்கு வந்ததும் ஒரே திசையில் நடக்கவேண்டியிருப்பதைக் கண்டுகொள்கிறார்களே, அதற்குப் பெயர் தேட எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. பிரியாவிடை.

என் நோட்டின் மிகச் சிறந்த சொல்லும் இப்படிக் கிடைத்ததுதான். அது நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புதிதாக வந்திருந்த மேலதிகாரியோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து முன்னாள் சக ஊழியர் ஒருவர் ஏறி வந்தார். நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து நின்றுவிட்டார். மேலதிகாரியும் நின்றார். அறிமுகப்படுத்தவேண்டியது நான். வாயைத் திறந்த பிறகுதான் பெயர் இல்லை என்பது தெரிந்தது. முதல் எழுத்துகூட வரவில்லை. “இவர்… முன்பு நம் கணக்குப் பிரிவில் இருந்த…” என்று தொடங்கினேன். மேலதிகாரி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். “அப்புறம் மாற்றலாகிப் போன…” என்றேன். இன்னும் காத்திருந்தார். “எந்த நேரத்தில் கேட்டாலும் உதவிய…” என்று இழுத்தேன். நண்பரின் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கடைசியில் அவரே கையை நீட்டித் தன் பெயரைச் சொல்லிக்கொண்டார். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

வீட்டில் இதை நடித்துக்காட்டியபோது, இலக்கணத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை மகன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். “பெரியம்மா, இருந்த, போன, உதவிய. எல்லாமே பெயரெச்சம்.”

அப்படியே அதிர்ந்துபோனேன். தனித்து முடியாமல், தன்னை முடித்துவைக்க ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கும் எச்சவினைதான் பெயரெச்சம். நானும் படிக்கட்டில் அப்படித்தான் நின்றேன். ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சில் இந்தத் தடுமாற்றத்துக்கு “டார்ட்டில்” என்று தனிச்சொல்லே உண்டு. இருந்தும், என்னைக் கேட்டால் நம்முடையதுதான் ஒருபடி மேல். அந்த நேரத்தில் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதையே அது பெயராக வைத்திருக்கிறது. பையன் அதோடு விடவில்லை. “அப்படியென்றால் வினையெச்சமும் இருக்கவேண்டுமே” என்றான். ஓர் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்து, எதற்கு வந்தோம் என்பதே மறந்து நிற்பது வினையெச்சம் என்று அவனே தீர்ப்பும் சொன்னான். வந்து, நின்று, பார்த்து… வினை மட்டும் வரவில்லை. அந்தத் தேர்வில் அவன் எச்சங்களில் ஒன்றையும் தவறவிடவில்லை என்பது தனிக் கதை.

பெயரெச்சத்தில் அகப்படுகிறவர்களுக்குக் கைகொடுக்கிற ஒரு வழி: “நீங்கள் இருவரும் இதுவரை சந்தித்திருக்கமாட்டீர்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் அவர்களே பெயர்களைச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது இந்தச் சொல் தெரிந்திருந்தால் இன்னும் எளிது. “மன்னியுங்கள், பெயரெச்சம்” என்று நேராகவே ஒப்புக்கொள்ளலாம். மறந்துவிட்டேன் என்று சொல்வதற்கு வராத தைரியம் இதைச் சொல்லும்போது எப்படியோ வந்துவிடுகிறது.

சில சொற்கள் ஒரே மூச்சில் பிறந்தன. தொலைவில் வருகிறவருக்காக நாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு அவர் மூச்சிரைக்க ஓடிவர நேர்ந்தால் அது கதவுக்கடன். காணொலிக் கூட்டம் முடிந்து எல்லாரும் கையசைத்தபடி, வெளியேறும் பொத்தானைத் திரையில் துழாவும் அந்த அரை நிமிடம் விடைதேடல். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவரிடம் அனிச்சையாக “உங்களுக்கும்” என்று சொல்லிவிடுவது உம்மைப்பிழை. இதுவும் தங்கை மகனின் கைங்கரியம். மூன்று முறை “என்ன?” என்று கேட்டும் காதில் விழாமல், நான்காம் முறை சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பிறகு அது ஒரு கேள்வி என்று அறிந்துகொள்ளும் நிலைக்குக் “கேள்விஞானம்” என்று வைத்துப் பார்த்தேன். எனக்கு இன்றும் பிடிக்கும். வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு நடைமுறை உண்டு. புதுச்சொல்லை விளக்கம் சொல்லி அறிமுகப்படுத்தினால் அது அங்கேயே மடிந்துவிடுகிறது. அந்த நிலைமை கண்ணெதிரே நடக்கும்போது, ஒரு வாக்கியத்துக்குள் வைத்து, தெரிந்த சொல்போலச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். கேட்டவர் தானே பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் அது அவருடையதாகும். இரண்டு முறை சொல்வேன். மூன்றாம் முறை யாராவது தானாக எடுத்துச் சொல்லாவிட்டால் நோட்டில் அதன்மேல் ஒரு கோடு.

இனி, நான் செய்த தவறு.

நன்னூலில் குழூஉக்குறி என்று ஒன்று வருகிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு பொருளின் பெயரை மறைத்து வேறு பெயரால் சொல்வது. பொற்கொல்லர் பொன்னைப் “பறி” என்பது, வேடர் கள்ளைச் “சொல்விளம்பி” என்பது ஆகியவற்றை எடுத்துக்காட்டாகத் தருவார்கள். உள்ளே போனால் உள்ளதையெல்லாம் பேசவைத்துவிடுகிற கள்ளுக்குச் சொல்விளம்பி! பெயர் வைத்தவர் யாரோ, அவர் காலில் விழலாம். குழூஉக்குறி என்பதில் குழு இருக்கிறது. குழு என்றால் அதற்கு வெளியே யாரோ இருக்கிறார்கள். பள்ளியில் இதைப் படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருந்தார். மதிய இடைவேளையில் கதை சொல்வார். நன்றாகவே சொல்வார், ஆனால் சொன்ன கதையையே சொல்வார். பயணத்தில் பை மாறிப்போய், வேறொருவர் பையை வீட்டுக்குக் கொண்டுபோன கதையை மட்டும் நான் பத்து முறையாவது கேட்டிருப்பேன். இதற்கு “மறுஒலிபரப்பு” என்று பெயர் வைத்தேன். எங்கள் மேசையில் அது பற்றிக்கொண்டது. இரண்டு மாதம் அவர் இல்லாத நேரங்களில் சொல்லிச் சிரித்தோம். ஒருநாள் அவர் தொண்டையைச் செருமி, “ஒருமுறை பயணத்தில்” என்று தொடங்கியதும், புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “மறுஒலிபரப்பு” என்றான். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான்.

அவர் நிறுத்தினார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். புரிந்துகொண்டார். “ஆமாம், சொல்லியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். தோன்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தெனி திதெரோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒரு விருந்தில் இப்படி வாயடைத்துப்போனாராம்; படியிறங்கிக் கீழே போன பிறகுதான் புத்தி திரும்புகிறது என்று எழுதிவைத்தார். அதிலிருந்து வந்ததுதான், காலம் கடந்து தோன்றும் பதிலைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர். “படிக்கட்டின் மதி” என்று சொல்லலாம். எனக்குப் படிக்கட்டு போதவில்லை. நடுஇரவில்தான் வந்தது. அதற்குள் அவர் கதை சொல்வதை விட்டுவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் இடைவேளையில் எல்லாரும் அவரவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களில் யாரிடமும் வேறு கதை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நோட்டைத் திறந்து பழைய சொற்களையெல்லாம் ஒருமுறை பார்த்தேன். வழிமொழிதல், விடைதேடல், கைமாற்று, பெயரெச்சம். இவை யாருக்கும் நேரக்கூடிய நிகழ்வுகளின் பெயர்கள். இன்று எனக்கு, நாளை உங்களுக்கு. மறுஒலிபரப்பு அப்படி இல்லை. இலக்கணப்படி அதுவும் நிகழ்வின் பெயர்தான், ஆனால் எங்கள் மேசையில் அதைச் சொன்னால் ஒரே ஒரு மனிதர்தான் நினைவுக்கு வந்தார். அன்றிலிருந்து புதுச்சொல் எதுவானாலும் முதல் வாக்கியத்தை என்னை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். “நேற்று எனக்கு இது நடந்துவிட்டது” என்று சொல்ல முடியாத சொல் நோட்டில் ஏறாது. பேச்சுக் குறை, உடல் தோற்றம், முதுமை பற்றியவை அந்தச் சோதனைக்கே வரவேண்டாம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் ஒருமுறை சொல் தேடினோம். தங்கை, “வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். விட்டுவிட்டோம்.

ஆளைச் சுட்டும் சொல் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. மேடையில் யாரோ உளறும்போது தான் நெளிகிற, தொலைக்காட்சியில் யாரோ அவமானப்படும்போது எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். பிறர் பழிக்கும் தம் பழிக்கும் ஒன்றுபோல் நாணுகிறவர்களை நாணத்தின் “உறைபதி” என்று உலகம் சொல்லும் என்பது குறள் (1015). நாணம் குடியிருக்கும் வீடு. ஜெர்மானியர்கள் இந்த உணர்வுக்கு “ஃப்ரெம்ட்ஷேமன்” என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு உறைபதி போதும். வீட்டில் தொலைக்காட்சியில் ஏதாவது அசம்பாவிதம் தொடங்கினால் தங்கை, “உறைபதி, வெளியே போ” என்கிறாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவருடைய மேசைக்குப் போனேன். “சார், அந்தச் சொல் என்னுடையது” என்றேன்.

“தெரியும்” என்றார். “உங்களைத் தவிர வேறு யாருக்கு அந்த வேலை? சொல் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் கொஞ்சம் வலித்தது.”

மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டித் தள்ளிவிட்டார். பிறகு, பை மாறிய கதையை மறுபடியும் சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

“பத்து முறை கேட்டாகிவிட்டதே.”

“ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்கிறவள்போல முகத்தை வைத்துக்கொள்வேன் சார். அந்தப் பை வேறொருவருடையது என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்வேன். அதற்குத்தான் என்னிடம் சொல் இல்லை.”

அவர் சிரித்துவிட்டார். கதை சொல்லவில்லை. மறுநாள் காலை என் மேசையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. உள்ளே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: “புதுச்செவி.”

நூற்றுச் சொச்சத்தில் என்னுடையது ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்காது. தெரிந்த கதையைத் தெரியாததுபோலக் கேட்பதில் பொய் பாதி, அன்பு பாதி. இரண்டையும் அவர் ஐந்தே எழுத்தில் அடக்கிவிட்டார். அன்று இடைவேளையில் பை மாறியது. நாங்கள் எல்லாரும் உரிய இடத்தில் ‘ஐயோ’ என்றோம், அவரும் எங்களைப் பார்த்து ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே சொன்னார்.

போன மாதம் வேறொரு பிரிவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே பக்கத்து இருக்கைக்காரர் என் பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறினார். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டு, “இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்றார். பெயரெச்சம் என்றார். அது எப்படிப் பொருந்துகிறது என்று இருந்த, போன, உதவிய என்பவற்றையே சொல்லி நிதானமாக விளக்கினார். தன் நண்பர் ஒருவர் உண்டாக்கியதாகவும் சொன்னார்.

கண்களை அகல விரித்து, “அப்படியா! நன்றாக இருக்கிறதே” என்றேன்.